றக்பி வீரர்களின் உளநலமும் இணைய வசைகளும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில் உளவளத் துணையாளராகப் பணிபுரிகிறேன். என் தம்பி ஆறு பருவங்கள் கழக மட்டத்தில் றக்பி விளையாடியவன். இவ்விரண்டு காரணங்களாலும் வீரர்களின் பெற்றோரும் மனைவிமாரும் பயிற்றுநர்களும், அரிதாக வீரர்களும், இந்த விடயம் குறித்து என்னிடம் கேட்பதுண்டு. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த எவருடைய கதையும் இதில் இல்லை. தம்பியைப் பற்றி எழுதியிருப்பவற்றை அவன் வாசித்துச் சம்மதம் தந்த பின்னரே சேர்த்தேன்.

விமர்சனத்துக்கும் வசைக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது?

ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது விமர்சனம். "கடைசி நிமிடத்தில் பெனல்டியை உதைக்காமல் லைன் அவுட்டுக்குப் போனது பிழை" என்று எழுதலாம். "இவரை அடுத்த ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது" என்றும் எழுதலாம். கசப்பாக இருந்தாலும் இவை ஒரு வீரர் கேட்டுப் பழக வேண்டிய சொற்கள். அதே கை, வீரரின் தாயை இழுக்கும்போதும், அவருடைய இனத்தையோ நிறத்தையோ உடம்பையோ சொல்லி இகழும்போதும், செத்துப் போ என்று எழுதும்போதும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. அது வசை.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. தனியே பார்த்தால் பெரிதாகத் தோன்றாத ஒரு கேலி, ஒரே இரவில் நூற்றுக்கணக்கானோரிடமிருந்து வந்து விழும்போது அதன் எடை வேறு. எழுதுபவருக்கு அது ஒரு வரி. வாசிப்பவருக்கு அது ஓர் ஊர்.

இவ்வளவு உடல் வலிமை உள்ளவர்களை நாலு சொல் எப்படிப் பாதிக்கும்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் தந்தையாக இருப்பார். "நூறு கிலோ ஆட்களோடு மோதி எழும்புகிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்பார்.

தம்பி புல் பெக் நிலையில், அதாவது அணியின் கடைசிக் காவலாக, விளையாடினான். ஓர் இரவு ஆட்டத்தில், இறுதி நிமிடங்களில் உயரே வந்த பந்தை அவன் கைநழுவ விட்டான். எதிரணி அதை எடுத்து, எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்து (ட்ரை வைத்து) வென்றது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அவன் வரும்போது இரவு பதினொரு மணி கடந்திருந்தது. குசினி மேசையில் தோளில் பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்தான். அம்மா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் போட்டு வைத்தார். கைபேசி மேசையில் குப்புறக் கிடந்து நிறுத்தாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்விலும் அது மேசை விளிம்பை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழப்போகும் நேரத்தில் அவன் கையை நீட்டிப் பிடித்துத் திருப்பி வாசித்தான். பனிக்கட்டிப் பை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. பிறகு என்னிடம் நீட்டி, "அக்கா, இது ஆர் எழுதினது எண்டு பார்" என்றான். எழுதியவன் பள்ளியில் அவனோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்தவன்.

உடல் வலிமை மோதலைத் தாங்கப் பயிற்றப்பட்டது. ஒரு டக்கிலுக்கு, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் மோதலுக்கு, தொடக்கமும் முடிவும் உண்டு. யார் வருகிறார், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று தெரியும். மத்தியஸ்தரின் விசில் உண்டு. இணைய வசைக்கு விசில் கிடையாது. அது வீட்டுக்குள், படுக்கைக்குள், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்துக்குள் வருகிறது. மேலும், இரவு ஆட்டம் முடிந்த வீரரின் உடல் பல மணி நேரம் விழிப்பு நிலையிலேயே இருக்கும். வலியும் சேர்ந்துகொண்டால் உறக்கம் எளிதில் வராது. உறங்க முடியாத அந்த நேரத்தில்தான் கைபேசி கையில் இருக்கிறது. தூக்கமின்மை மனச்சோர்வை வளர்க்கிறது, மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கிறது, இவ்விரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கினால் மூன்று நான்கு வாரங்களில் ஒரு திடமான இளைஞன் தன்னைத் தானே அடையாளம் காண முடியாத நிலைக்கு வந்துவிடுகிறான்.

உலக றக்பியில் இது உண்மையில் எவ்வளவு பெரிய பிரச்சினை?

2023 இல் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணமும் அதற்குப் பின்னரான சில வாரங்களும் இதை எவரும் மறுக்க முடியாத அளவுக்கு வெளியே கொண்டுவந்தன. இங்கிலாந்து அணித்தலைவராக அந்தத் தொடரில் ஆடி, அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்த ஓவன் ஃபரெல், அதற்குள் இங்கிலாந்துக்காக 112 ஆட்டங்கள் ஆடியிருந்தவர். அந்த ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி, தம்முடைய உளநலத்தையும் குடும்பத்தினரின் உளநலத்தையும் முன்னிறுத்தி, ஐரோப்பிய அணிகள் மோதும் 2024 ஆறு நாடுகள் தொடரில் தாம் ஆடப் போவதில்லை என்று தம் கழகம் வழியாக அவர் அறிவித்தார். ஓகஸ்டில் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் செய்த ஒரு டக்கில், அதற்கான அட்டை, பிறகு மேன்முறையீடு, தடை என்று வாரக்கணக்கில் அவர் பேச்சுப்பொருளாக இருந்தார். அறிவிப்பில் "குடும்பத்தினர்" என்ற சொல் இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வசை ஒருவரை நோக்கி எழுதப்பட்டாலும் அதை வாசிப்பது ஒரு வீடு.

அதே உலகக் கிண்ணத்தின் அரையிறுதியில், தென்னாபிரிக்கா இங்கிலாந்தை 16–15 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணி வீரர் பொங்கி ம்பொனாம்பி தம்மை நிறத்தைச் சொல்லி இகழ்ந்ததாக டொம் கரி மத்தியஸ்தரிடம் முறையிட்டார். போதிய சான்று இல்லை என்று, இந்த விளையாட்டின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் றக்பி விசாரணையை முடித்தது. ஆனால் தீர்ப்பு வரும் வரை எவரும் காத்திருக்கவில்லை. முறையிட்டவர் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதும் இரு பக்கங்களிலிருந்தும் வசை கொட்டியது.

மத்தியஸ்தர்களின் நிலை இன்னும் மோசம். தென்னாபிரிக்கா நியூசிலாந்தை 12–11 என்று வென்ற இறுதியாட்டத்தை நடத்திய வெய்ன் பார்ன்ஸ், அது முடிந்து ஒரு வாரத்துக்குள், 111 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். தம் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதே ஆட்டத்தில் காணொளி மத்தியஸ்தராக இருந்த டொம் ஃபோலி டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். இதற்கு முன்பே, 2021 இல், தென்னாபிரிக்கப் பயிற்றுக்குழுவின் ராசி எராஸ்மஸ் மத்தியஸ்தர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிய 62 நிமிடக் காணொளி இணையத்தில் பரவியபோது, பெரியும் அவரது குடும்பமும் பட்ட பாட்டை விசாரணைக் குழு பதிவு செய்தது. எராஸ்மஸுக்குத் தடை விதிக்கப்பட்டது. பொறுப்பில் இருப்பவர் ஒருவர் விரலை நீட்டினால், அந்தத் திசையில் ஆயிரம் பேர் கல்லெறிவார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பயிற்றுநர்களிடம் பேசும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன்.

எழுதியவர்கள் எவராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா?

வழக்கு வரை போயிருக்கிறது. 2023 உலகக் கிண்ணத்தின்போது, வசை எழுதும் கணக்குகளைக் கண்காணித்து அவற்றின் பின்னால் இருப்பவர்களை அடையாளம் காணும் ஒரு சேவையை வேர்ல்ட் றக்பி பயன்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக, ஒரு மத்தியஸ்தரையும் அவரது குடும்பத்தையும் மிரட்டிய அவுஸ்திரேலியர் ஒருவர் மீது அந்நாட்டில் வழக்குத் தொடரப்பட்டது. போலிப் பெயருக்குப் பின்னால் இருந்தால் எவருக்கும் தெரியாது என்ற எண்ணம் இனிச் செல்லாது.

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய வீரர்கள் உண்டா? பேசியதால் அவர்களுக்கு இழப்பு ஏற்பட்டதா?

நியூசிலாந்தின் ஜோன் கேர்வன், 1987 இல் முதலாவது உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் விங் வீரர், 63 டெஸ்ட் ஆடியவர். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தமக்கு மனச்சோர்வு நோய் இருந்ததைப் பின்னாளில் சொன்னார். அந்நாட்டு அரசின் மனச்சோர்வு விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு அவருடைய முகமே முன்னால் நின்றது. இங்கிலாந்தின் முன்னாள் முன்வரிசை வீரர் ஜோ மார்லர் தம் மனச்சோர்வைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிவருபவர். பேசிய பின்னரும் ஆண்டுக்கணக்கில் நாட்டுக்காக ஆடினார். வேல்ஸைச் சேர்ந்த மத்தியஸ்தர் நைஜல் ஓவன்ஸ் தம் இருபதுகளில் உயிரை விட முயன்று காப்பாற்றப்பட்டவர். அவர்தான் 2015 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நடத்தினார். 2020 இல் நூறு சர்வதேச ஆட்டங்களைத் தொட்ட முதல் மத்தியஸ்தரும் அவர்தான்.

இந்த மூன்று பெயர்களையும் நான் வேண்டுமென்றே சொல்கிறேன். "வெளியே தெரிந்தால் அணியில் எடுக்கமாட்டார்கள்" என்ற அச்சம் இங்கே பல வீடுகளில் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படி நடந்துகொள்ளும் தெரிவாளர்கள் இருக்கக்கூடும். ஆனால் உதவி பெற்றவர்கள் திரும்பி வந்து நீண்ட காலம் ஆடியிருக்கிறார்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

தலையில் அடிபட்ட பின்னர் மகனின் குணம் மாறியது போலிருக்கிறது. இதுவும் வசையால் வந்ததா?

அப்படி உடனே முடிவு செய்யாதீர்கள். மூளை அதிர்ச்சிக்குப் பின்னர் எரிச்சல், பதற்றம், அழுகை, மனச்சோர்வு, உறக்கக் குறைவு ஆகியவை வரலாம். அவை மூளைக் காயத்தின் அறிகுறிகள். அந்த நிலையில் இருப்பவருக்கு வசை இரட்டிப்பாகச் சுடும். தொழில்முறை மட்டத்தில், மூளை அதிர்ச்சிக்கு உள்ளான பெரும்பாலான வீரர்கள் குறைந்தது 12 நாட்கள் ஆடாமல் இருக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் வேர்ல்ட் றக்பி விதியை இறுக்கியது. 2003 உலகக் கிண்ணத்தை இங்கிலாந்துக்காக வென்ற ஸ்டீவ் தொம்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதிநோய்க்கு ஆளாகி, அந்த வெற்றியே தமக்கு நினைவில்லை என்று 2020 இல் சொன்னபோதுதான் பலருக்கு இதன் பாரம் புரிந்தது. எனவே குணமாற்றம் கண்டால் முதலில் வைத்தியர், பிறகு உளவளத் துணையாளர். வரிசையை மாற்ற வேண்டாம். காயம்பட்ட வாரங்களில் கைபேசித் திரையைப் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதும் மூளைக்கு நல்லது.

கொழும்பில் நிலைமை வேறா?

வேறுதான், சில வகையில் கடினமானதும்கூட.

முதலாவது, இங்கே றக்பி பள்ளியிலிருந்து பிரிக்க முடியாதது. 1945 இலிருந்து றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் ஆடிவரும் பிரட்பி கேடயத்துக்கு வருகிற கூட்டம் பல கழக ஆட்டங்களுக்கு வருவதில்லை. பதினேழு வயதுப் பையனுடைய பிழையை ஐம்பது வயதுப் பழைய மாணவர் காணொளியாக வெட்டி வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வளர்ந்த மனிதர்கள், குடும்பஸ்தர்கள், ஒரு பிள்ளையை அப்படிப் பேசுவதை நான் வாசித்திருக்கிறேன்; வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையன்தான் மூன்று ஆண்டுகள் கழித்து ஹெவ்லொக் கழகத்துக்கோ சீ.ஆர். அன்ட் எஃப்.சீ. கழகத்துக்கோ ஆட வருகிறான். வசையின் சுவடு கழகத்தில் தொடங்குவதில்லை.

இரண்டாவது, இங்கே பெரும்பாலான வீரர்கள் முழுநேரத் தொழில்முறை வீரர்கள் அல்லர். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவர்களுக்கு அது பணியோடு சேர்ந்தது. மற்றவர்களில் பலர் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை பந்தைத் தவறவிட்டவர் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அங்கே தேநீர் நேரத்தில் அந்தக் காணொளி ஏற்கனவே சுற்றியிருக்கும். இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கென்று வீரர் சங்கமும் அதன் ஆலோசனைச் சேவையும் உண்டு. இங்கே பல கழகங்களில் உடற்பயிற்சியாளர் இருக்கிறார், இயன்மருத்துவர் இருக்கிறார், உளநலத்துக்கென்று ஒருவர் இல்லை.

மூன்றாவது, நகரம் சிறியது. இலண்டனில் வசை எழுதுபவர் யாரென்று வீரருக்குத் தெரியாது. கொழும்பில் தெரியும். அவர் மச்சானின் நண்பர், டியூஷன் ஆசிரியரின் மகன், கோயில் திருவிழாவில் அருகில் நிற்பவர். முகம் தெரிந்தவரின் வசை, முகமில்லாத கணக்கின் வசையைவிடப் பன்மடங்கு ஆழமாக இறங்குகிறது. தம்பியின் கதையில் நான் கண்டது அதுதான்.

தமிழ் பேசும் வீரர் என்பதால் தனியான சிக்கல்கள் உண்டா?

உண்டு, அதை மூடிப் பேசுவதில் பயனில்லை. அணி தோற்றால் சிங்கள வீரரின் பிழை அவருடைய பிழையாக மட்டும் இருக்கிறது. தமிழ் வீரரோ முஸ்லிம் வீரரோ செய்த பிழை சிலருடைய கையில் அவருடைய சமூகத்தின் மீதான இகழ்ச்சியாகிவிடுகிறது. இதை எழுதுபவர்கள் சிலரே. பெரும்பாலான அணித் தோழர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். தம்பிக்காக அந்த இரவு முதலில் குரல் கொடுத்தவர் சிங்களவரான அவனுடைய அணித்தலைவர்தான். ஆனால் எழுதிய அந்தச் சிலருடைய சொல் ஒரு பழைய பயத்தைத் தொடுகிறது. பெற்றோர் வாசித்தால் அவர்களுக்கு நினைவு வருவது றக்பி அல்ல.

நம்மவர்களும் நம்மவரை விட்டுவைப்பதில்லை. "படிக்கிற வயதில் பந்துக்குப் பின்னால் ஓடினவன்" என்று தொடங்கும் ஏளனம் தமிழிலேயே வருகிறது, அதுவும் உறவினர் குழுக்களில்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறார்கள். சமூக ஊடக நிறுவனங்களின் தானியங்கி வடிகட்டிகள் இப்படி எழுதப்படும் கெட்ட வார்த்தைகளைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. முறையிட்டால், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வரலாம். மனம் தளராமல், அந்தச் சொல்லின் பொருளை விளக்கி மீண்டும் முறையிடுங்கள்.

வீராங்கனைகளுக்கு என்ன வேறுபாடு?

ஆட்டத்தைத் தொடாமல் உடம்பிலிருந்தே வசை தொடங்குகிறது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்த எழுவர் றக்பி அணியின் இலோனா மாரை, உடற்திணிவுச் சுட்டியை (BMI) சொல்லி ஒருவர் இகழ்ந்தபோது, தம்முடைய சுட்டி எவ்வளவு என்பதை அவரே சொல்லி, அந்த எண் ஒரு விளையாட்டு வீராங்கனையின் தசையைப் பற்றி எதையும் சொல்லாது என்று நிதானமாக விளக்கினார். எல்லாப் பெண்ணுக்கும் அந்தத் துணிவு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இங்கே றக்பி ஆடும் பெண்ணுக்கு முதல் எதிர்ப்பு வீட்டிலேயே இருக்கலாம். வசை வந்தால் "அதனால்தான் போக வேண்டாம் என்றோம்" என்பார்கள், அவள் அடுத்த முறை சொல்லமாட்டாள். படங்களை வெட்டி ஒட்டிப் பரப்புவது, பாலியல் மிரட்டல் போன்றவை வந்தால் ஹிதவதி என்ற உள்நாட்டு உதவிச் சேவை இதற்காகவே இருக்கிறது. பெண்களுக்கான 1938 இலக்கத்தையும் அழைக்கலாம்.

"போனைப் பார்க்காதே" என்று சொன்னால் போதாதா?

போதாது. இதைச் சொல்லும் பெற்றோரின் அன்பை நான் அறிவேன்; நானும் அன்றிரவு தம்பியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அது பிழையென்று பின்னரே உணர்ந்தேன்.

பயிற்சி நேரம் வட்ஸ்அப்பில் வருகிறது. அனுசரணையாளர் படம் போடச் சொல்வது இன்ஸ்டகிராமில். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பேசுவது அதே கைபேசியில். எனவே "பார்க்காதே" என்பது "வேலையை விடு, உறவை விடு" என்பதற்குச் சமம். அதைவிட முக்கியமானது, அந்தச் சொல் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரின் தலையில் வைக்கிறது. பார்த்தது அவர் பிழை என்றாகிவிடுகிறது. பிறகு பார்த்துவிட்டு வருந்தும்போது அதையும் மறைக்கத் தொடங்குகிறார்.

செய்யக்கூடியது, வாசிக்கும் சுமையை வேறொருவர் எடுத்துக்கொள்வது. ஆட்டம் முடிந்த முதல் இரண்டு நாட்களுக்கு, நம்பிக்கையான ஒருவர், மனைவியோ அண்ணனோ கழக அலுவலரோ, கணக்கைத் தம் கைபேசியில் திறந்து வைத்து, மிரட்டல்களைச் சேமித்து, மற்றவற்றை நீக்கி, நல்ல செய்திகளை மட்டும் வீரரிடம் சேர்க்கலாம். கருத்திடும் உரிமையை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். குறிப்பிட்ட சொற்கள் வரும் கருத்துகளைத் தானாக மறைக்கும் வசதி இன்ஸ்டகிராமிலும் முகநூலிலும் உண்டு, அதில் நம் ஊர்க் கெட்ட வார்த்தைகளை ஆங்கில எழுத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் நாமே சேர்க்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைத் தட்டியது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் எடுத்தது.

எந்த அறிகுறிகளைக் கண்டால் கவலைப்பட வேண்டும்?

ஒரு தோல்விக்குப் பின்னர் இரண்டு மூன்று நாட்கள் முகம் வாடியிருப்பது இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெட்டிருப்பது, சாப்பாடு குறைவது, பயிற்சிக்கு முன் வயிற்றுவலி என்று சொல்வது, நண்பர்களைத் தவிர்ப்பது, குடி கூடுவது, சிறு விடயத்துக்குக் கத்துவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. ஆண்களில் மனச்சோர்வு பல வேளைகளில் கண்ணீராக வராமல் கோபமாக வருகிறது. வீட்டார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற வகையில் பேசினாலோ, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

எப்படிப் பேசத் தொடங்குவது?

நேருக்கு நேர் உட்கார்த்தி விசாரிப்பதைவிட, பக்கத்தில் இருந்து வேறொரு வேலை செய்தபடி பேசுவது எளிது. தம்பி வாய் திறந்தது காலிமுகத்திடலில் நடக்கும்போது. "நேற்று வந்ததை நானும் வாசித்தேன். எனக்கே நொந்தது. உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் பதில் சொல்ல, கடற்கரை ஓரமாகக் கொடிக்கம்பம் வரை நடக்க வேண்டியிருந்தது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உருவாகாது. மாறாக, ஒருவரிடமாவது சொல்ல முடிந்த ஆறுதல் கிடைக்கும். அறிவுரை, ஒப்பீடு, "உன் அப்பா பட்ட கஷ்டம் தெரியுமா" என்பன எல்லாம் பிறகு.

இலங்கையில் எங்கே முறையிடலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டு என்னிடம் வருபவர்களே அதிகம். செய்தி, அனுப்பிய கணக்கின் பெயர், கணக்கின் இணைய முகவரி, திகதி, நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அதன் பின்னர் அந்தக் கணக்கைத் தடுத்துவிடலாம். பதில் எழுத வேண்டாம்; உங்கள் பதிலையும் எதிராளி சேமிப்பார்.

கொலை மிரட்டல், வீட்டு முகவரியை வெளியிடுவது, பாலியல் மிரட்டல் ஆகியவற்றுக்கு உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்திலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலோ முறைப்பாடு செய்யலாம். குற்றவியல் மிரட்டலும் பாலியல் தொந்தரவும் தண்டனைச் சட்டக்கோவையில் நீண்ட காலமாகவே குற்றங்கள். கணக்குக்குள் புகுந்து திருடியிருந்தால் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் பொருந்தும். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கக்கூடியது என்று ஊடகவியலாளர்களும் உரிமை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்த சட்டம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. மிரட்டலுக்கு எதிராக நிற்கப் பழைய சட்டங்களே பெருமளவு போதுமானவை என்பது என் எண்ணம். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள்.

தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. புரியாத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பமிடாதீர்கள்.

உளநல உதவி எங்கே கிடைக்கும்? வெளியே தெரிந்துவிடுமா?

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. 1333 என்ற இலக்கத்தில் இலவசமாகத் தொலைபேசி ஆலோசனை பெறலாம். 1974 இலிருந்து இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் கொழும்பு நிலையம் ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிறது. அங்கே நேரில் சென்றும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தேசிய வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கட்டணமின்றி வைத்தியரைப் பார்க்கலாம். உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு நேரே கொண்டுசெல்லுங்கள்.

உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கழகங்களும் பள்ளிகளும் என்ன செய்ய வேண்டும்?

தோல்வி அடைந்த இரவிலேயே, அடுத்த நாள் அல்ல, கழகம் தன் பக்கத்தில் வீரரின் பெயரைச் சொல்லி அவரோடு நிற்பதாக எழுத வேண்டும். தன் பக்கத்தில் விழும் வசைக் கருத்துகளை நீக்க ஒருவரை நியமிக்க வேண்டும்; பல கழகப் பக்கங்களில் சொந்த வீரரைத் திட்டும் கருத்துகள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. பழைய மாணவர் குழுக்களின் நிர்வாகிகள் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பிழையைக் காட்டும் காணொளிகளை அனுமதிக்கக் கூடாது. இதற்குப் பணம் தேவையில்லை. முன்னுக்கு வரும் ஒருவர்தான் தேவை.

வசை எழுதியது எங்கள் வீட்டுப் பையன் என்று தெரிந்தால்?

அவனை அடிக்காதீர்கள், கைபேசியைப் பறித்து ஒளிக்கவும் வேண்டாம். எழுதியதை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அழிக்கச் சொல்லி, மன்னிப்பைத் தனிப்பட்ட முறையில் கேட்கச் சொல்லுங்கள். பொதுவெளியில் கேட்கும் மன்னிப்பு பல வேளைகளில் மற்றுமொரு காட்சியாகிவிடுகிறது.

தம்பிக்கு எழுதிய அந்த வகுப்புத் தோழன் ஐந்து மாதங்கள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். மணியடிக்காமல் வாசலிலேயே நெடுநேரம் நின்றிருக்கிறான். கீழ்வீட்டு ஆச்சி கண்டு அழைத்து வந்தார். தம்பி அவனோடு பத்து நிமிடம் பேசினான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா, அந்தப் பையன் சிறு வயதில் வரும்போது எப்படிச் செய்வாரோ அப்படியே, கேட்காமலேயே தேநீர் ஊற்றி வைத்தார். அவன் தேநீரைக் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு அழுதான். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். முன்பு போல் அல்ல என்று தம்பி சொல்கிறான்.